மூன்று முறை நனைந்தால்

அக்டோபர் 21, செவ்வாய்

மாலை 6.40 மணிக்கு, சமையலறை மேசையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரதிகள் இரண்டு. ஒன்று என் மனைவி மார்கிட்டிடம், ஒன்று என்னிடம்.

சாரத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் வீட்டிலிருந்து படகுத்துறை வரையிலான ஐந்தரை மைலை நான் சைக்கிளில் கடக்கலாம். துறையிலிருந்து சியாட்டிலுக்கு, கார்களையும் ஏற்றிச் செல்லும் படகு. மாலையில் அதே வழியாகத் திரும்புதல். வீடு வந்து சேர்ந்ததும் என் பனியனைச் சமையலறைத் தராசில் வைக்கவேண்டும். காலை எடையைவிட முப்பது கிராமுக்கு மேல் கூடியிருந்தால் ஒரு முறை நனைந்ததாகக் கொள்ளப்படும். மார்ச் முதல் தேதிக்குள் மூன்று முறை நனைந்தால் சைக்கிளை விற்றுவிட்டுத் துறைக்குப் பேருந்தில் போவேன். எக்காரணத்தால் நனைந்தாலும் அது நனைதலே. (இந்த வரியைச் சேர்த்தவன் நான். ஓட்டை இருக்கும் பத்திரத்தில் கையெழுத்திட எனக்கு வராது.) ஆறாம் பிரிவின்படி, மார்கிட் வீட்டில் இல்லாத நாளில் எடையை நானே தெரிவிக்கவேண்டும்.

"தராசு எதுக்கு? தொட்டுப் பாத்தா தெரியாதா?" என்றாள்.

"தொட்டா நீ ஒண்ணு சொல்லுவ, நான் ஒண்ணு சொல்லுவேன்."

"ரொட்டிக்கு மாவு நிறுக்குற தராசு அது. அதுல உன் வேர்வை பனியனா? அப்ப மார்ச் வரைக்கும் இந்த வீட்டுல ரொட்டி கிடையாது. அதையும் எழுதிக்க."

எழுதவில்லை. ஆனாலும் அவள் சொன்னால் செய்வாள்.

அவள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியும். கடந்த ஜனவரியில் நிமோனியாவோடு ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தேன். ஒன்பது நாளும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். என் தரப்பை இங்கே மட்டும்தான் எழுதமுடியும். பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பாதையில் ஓட்டுகிறேன். மருத்துவமனையிலிருந்து வந்தபின் குளியலறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். துறைக்கு மேலுள்ள மேட்டை, சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறி முடிக்க ஆகஸ்ட் ஆயிற்று. அந்த மேட்டை மறுபடி யாரிடமும் ஒப்படைக்கப்போவதில்லை.

ஆகவே தேவை ஒன்றே: சரியான ஜெர்கின்.

அக்டோபர் 26, ஞாயிறு

அட்டவணை தயார். பதினொரு ஜெர்கின்கள், ஒன்பது பத்திகள்: தாங்கும் நீரழுத்தம், தையலின் மேல் பட்டை உண்டா, எடை, உத்தரவாதக் காலம் முதலியன. உத்தரவாதப் பத்திரங்களை முழுவதும் படித்தேன். இரண்டில் மழையினால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறது. மழைக்காக விற்கப்படும் உடை.

மார்கிட் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் இப்படி ஒரு அட்டவணை போட்டியா?"

"உனக்குப் போட்டி யாரும் இல்ல."

"நல்லா தப்பிச்ச."

நீரழுத்தத்தில் முதலிடம் பெற்ற கறுப்பு ஜெர்கினுக்குச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

முதல் முறை. 96 கிராம்.

நம்பமுடியவில்லை. ஜெர்கினுக்குள் ஒரு சொட்டு மழை இறங்கவில்லை. தையல்களை ஒவ்வொன்றாக உள்ளிருந்து தடவிப் பார்த்துவிட்டேன். ஆனால் பனியனைப் பிழிந்தால் நீர் வருகிறது. அத்தனையும் என் வியர்வை. மேட்டில் ஏறும்போதே முதுகில் வழிவது தெரிந்தது, நிறுத்தி ஜிப்பைத் திறந்தால் மழை உள்ளே வரும், திறக்கவில்லை.

"மழையில்ல, இது வேர்வை," என்றேன்.

மார்கிட் தன் பிரதியை எடுத்துவந்து விரல் வைத்துக் காட்டினாள். எக்காரணத்தால் நனைந்தாலும்.

நவம்பர் 6, வியாழன்

சைக்கிள்காரர்கள் முதலில் ஏறவேண்டும் என்பது படகின் வழக்கம். ஆகவே நாங்கள் இருபது பேர் கார் வரிசைக்கு முன்னால், நீர் விளிம்பில், காற்றில் நின்றிருப்போம். அந்த வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்பவள் டொலோரஸ் இபார்ரா. கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவள். வயது அறுபத்தொன்று. இத்தனை ஆண்டுகளில் நானும் அவளும் வானிலையைத் தவிர வேறு பேசியதில்லை. இன்று கேட்டுவிட்டேன்.

ஜெர்கினின் கையை இரு விரலால் பிடித்துப் பார்த்தாள். "வக்கீலே, இது ஜெர்கின் இல்ல. பிரஷர் குக்கர். நீ உள்ள உக்காந்து வெந்துக்கிட்டிருக்க."

"நீர் புகாத தன்மையில் இதுதான் முதலிடம்."

"வெளிய இருந்து புகாது. உள்ள இருந்தும் போகாது. வாளி மாதிரி." பிறகு, "காலைல வீட்டு வாசல்ல நிக்கும்போது உனக்குக் குளிருதா?"

"இல்லை."

"குளிரணும். வாசல்லயே கதகதன்னு இருந்தா அதிகமா போட்டிருக்கேன்னு அர்த்தம்."

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். தன் சட்டைக் கழுத்தை இழுத்து என் கையை உள்ளே வைக்கச் சொன்னாள். வைக்கவில்லை. நம்புகிறேன் என்றேன்.

நவம்பர் 15, சனி

கறுப்பைத் திருப்பி அனுப்பியாயிற்று. மாற்றாக மிக மெல்லியது ஒன்று வாங்கினேன். மடித்தால் கைக்குள் அடங்கும். ஐந்து நாள்: 12, 9, 14, 11, 8. டொலோரஸ் அதைக் கண்டதும் வானத்தை மட்டும் பார்த்தாள்.

நவம்பர் 24, திங்கள்

இரண்டாவது முறை. 84.

இன்றுதான் உண்மையான மழை. மெல்லிய ஜெர்கின் கால்மணி நேரம் தாங்கியது. அதன்பின் தோள்பட்டை வழியாக நேராக உள்ளே. படகுத்துறையில் நின்றபோது பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. மார்கிட் எடையைப் பார்த்தாள், என் உதட்டைப் பார்த்தாள், குளியல் தொட்டியில் வெந்நீர் திறந்துவிட்டாள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மிச்சம் ஒன்று. மார்ச்சுக்கு இன்னும் தொண்ணூற்றேழு நாள். நிறுத்தமாட்டேன்.

நவம்பர் 29, சனி

என் வேண்டுகோளின் பேரில் டொலோரஸ் சைக்கிள் கடைக்கு வந்தாள். முன்கூட்டியே நான் குறித்திருந்த கேள்விகளை வாங்கிப் பார்த்து, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடி முன் நிற்க விடவில்லை. கடையிலிருந்த ஒரு சைக்கிளில் ஏற்றி, கைப்பிடியைப் பிடித்துக் குனியச் சொன்னாள். "ஓட்டுற மாதிரி உக்காரு. கோர்ட்டுல எந்திரிச்சு நிக்கிற மாதிரி நின்னா எல்லா ஜெர்கினும் நல்லாத்தான் இருக்கும்." குனிந்ததும் முதலாவது முதுகில் நான்கு அங்குலம் மேலேறியது. இரண்டாவதில் மணிக்கட்டு வெளியே வந்தது. மூன்றாவதன் பின்பகுதி நீண்டு இருக்கையைத் தொட்டது. கழுத்துப் பட்டி கன்னத்தை அறுக்கவில்லை. இரு அக்குளிலும் நீளமான ஜிப், மழையிலும் திறந்து வைத்துக்கொள்ளலாம். மேலே தெளித்த நீர் மணி மணியாக உருண்டு ஓடியது.

"கறுப்பில் இருக்கிறதா?" என்று கடைப்பெண்ணைக் கேட்டேன்.

"ஆரஞ்சு குடும்மா," என்றாள் டொலோரஸ். "இவரு அழகா தெரியவேண்டாம். தெரிஞ்சா போதும்."

பருத்திப் பனியனுக்குப் பதில் கம்பளிப் பனியன். கடைசியாக, பஞ்சு வைத்த கையில்லாத சட்டை ஒன்றைப் பையில் போடச் சொன்னாள். வழியில் அணிவதற்கல்ல, வரிசையில் நிற்கும்போது ஜெர்கினுக்குள்ளே அணிந்துகொள்ள.

"ஓட்டும்போது யாருக்கும் குளிராது வக்கீலே. நிக்கும்போதுதான் குளிரும். நாம நிக்கிற ஜாதி."

என் அட்டவணையில் ஒன்பது பத்திகள் இருந்தன. 'நிற்றல்' என்று ஒன்று இல்லை. பதினான்கு ஆண்டுகள் அதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாள் முழுவதும் கொட்டியது. சாலையோர வாய்க்கால் நிரம்பி மேட்டின் அடியில் சாலைக்கு வந்துவிட்டது. வாசலில் குளிர்ந்தது. அக்குள் ஜிப்கள் திறந்தே இருந்தன. துறையில் பஞ்சுச் சட்டை.

11 கிராம்.

"எவ்வளவு?" என்றாள் அடுத்த அறையிலிருந்து.

"பதினொண்ணு."

"ம்."

இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த 'ம்'மின் வகைகளை அறிவேன். இது ஏமாற்றமும் நிம்மதியும் சரிபாதி.

டிசம்பர் 16, செவ்வாய்

19. காற்றும் இருந்தது.

டிசம்பர் 23, செவ்வாய்

9. கடை ரொட்டி சரியில்லை. வாய்திறந்து சொல்லமாட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

14. இன்று ஒரு மூதாட்டி தன் உயிலில் சிறுபடகை மகனுக்கும் துடுப்புகளை மகளுக்கும் எழுதச் சொன்னார். "ரெண்டு பேரும் பேசிக்குவாங்கல்ல?" என்றார். சட்டப்படி ஆட்சேபணை ஏதுமில்லை. எழுதினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆரஞ்சு ஜெர்கின் குளியலறையில் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. மார்கிட் துவைத்திருக்கிறாள்.

"ஏழு வாரமா அது நாறுது. படகுல உன் பக்கத்துல நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அக்டோபரிலிருந்து அவள் என் சைக்கிள் சாமான் எதையும் தொட்டதில்லை. இன்று தொட்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் தூறல் மட்டும். மாலை 5.30 படகுக்கு சியாட்டில் துறையில் நின்றபோது பெருமழை பிடித்தது. நீர் மணியாக உருளவில்லை. ஆரஞ்சு நிறம் தோளிலிருந்து தொடங்கிக் கருத்துக்கொண்டே இறங்கியது. துணி நீரைக் குடித்தது. பத்து நிமிடத்தில் கல் போலக் கனத்தது. டொலோரஸ் என் பக்கம் குனிந்து மோந்தாள்.

"லாவண்டர் வாசம் வருதே. யாரு இதைப் படுக்கை விரிப்பு மாதிரி துவைச்சது?"

விளக்கினாள். துணியை மென்மையாக்க ஊற்றும் வாசனைத் திரவம், நீரை விலக்கும் பூச்சின்மேல் படிந்து அதைக் கெடுத்துவிடும். இதில் மட்டும் எல்லாரும் ஒரு முறையாவது ஏமாறுவார்களாம். அவள் கணவர் ஏமாந்தாராம். நான் ஏமாந்தவன்கூட இல்லை. ஜெர்கினின் உள்பக்கம் தைத்த சலவைக் குறிப்புத் துண்டிலிருந்த அந்த எச்சரிக்கையை நவம்பரிலேயே படித்தவன். ஞாயிறன்று எதில் துவைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும்.

வீடு. பனியன் காலையில் 190. இப்போது 261.

71. மூன்றாவது முறை.

மார்கிட் டகோமாவில் அக்கா வீட்டில். நாளை மதியம்தான் வருவாள். வீட்டில் நானும் ஓட்டோவும் மட்டும். ஓட்டோ நாய், சாட்சி சொல்லமாட்டான்.

என் கட்சி வலுவானது. தன் செயலால் மறுதரப்பைத் தவறச் செய்தவர், அந்தத் தவறின் பயனைக் கோரமுடியாது. எந்த நீதிபதியின் முன்பும் ஐந்து நிமிடத்தில் ஜெயிக்கலாம். ஜெயித்து? அவள் இந்தக் குளிர்காலத்தில் எனக்காக மனமிரங்கிச் செய்த ஒரே காரியத்தை எடுத்து, பிரிவு எண் போட்டு, அவள்மேலேயே வீசவேண்டும். நீதான்டி என்னை நனைச்ச என்று — முடியாது. என்னால முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. உலர்த்தும் இயந்திரத்தில் நாற்பது நிமிடம். பிறகு 18 என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்?

யாருக்குத் தெரியும் என்று கடந்த ஜனவரியிலும் இதே மேசையில்தான் கேட்டுக்கொண்டேன். இந்த நோட்டில் இதுவரை எழுதாததை இன்று எழுதுகிறேன். உயில் வழக்கொன்று விசாரணைக்கு வந்திருந்தது. காய்ச்சல் 102. நான்கு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளிடம் நல்லாத்தான் இருக்கேன் என்றேன். ஐந்தாம் நாள் காலை குளியலறைத் தரையில் அவள்தான் என்னைக் கண்டெடுத்தாள்.

பனியனைக் கொடியில் போட்டேன்.

ஜனவரி 21, புதன்

அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் சொன்னேன். "நேத்து எழுபத்தொண்ணு. மூணாவது தடவை."

நின்றாள். "நல்ல மழையா?"

"ஆமா."

"ஜெர்கின் என்ன ஆச்சு?"

"தாங்கல."

கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். "சரி," என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 24, சனி

சைக்கிளைத் துடைத்து நான்கு பக்கமும் படம் எடுத்தேன். விற்பனை அறிவிப்பில் பின்சக்கரத்தின் சிறு கோணலையும் குறிப்பிட்டேன். யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது என் வழக்கமல்ல.

ஜனவரி 27, செவ்வாய்

பேருந்து. உலர்ந்திருந்தேன். கண்ணாடிக்கு உள்ளிருந்து, துறையில் நிற்கும் வரிசையைப் பார்த்தேன். டொலோரஸ் தனக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு நின்றிருந்தாள். பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டேன். கோழைத்தனம்.

ஜனவரி 30, வெள்ளி

பக்கத்து ஊரான பூல்ஸ்போவிலிருந்து ஒருவர் வரும் 7ஆம் தேதி சைக்கிளைப் பார்க்க வருகிறார். கையெழுத்திட்டவன் நான். நிறைவேற்றுவேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாலை நல்ல மழை. மார்கிட் ஓட்டோவை வெளியே அழைத்துப் போனாள். போகும்போது கொக்கியிலிருந்து என் ஆரஞ்சு ஜெர்கினை எடுத்து மாட்டிக்கொண்டாள். சும்மாத்தானே கிடக்கிறது என்றாள். தடுக்க வாயெடுத்தேன், காரணம் சொல்லவேண்டிவரும் என்பதால் மூடிக்கொண்டேன்.

அரைமணியில் திரும்பினாள். கால்மிதியிலேயே நின்றாள். நாய் உதறியது, அவள் உதறவில்லை.

"லெஸ், இது தண்ணியைக் குடிக்குது."

கழற்றி உள்பக்கம் திருப்பினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தச் சின்ன துண்டை மூக்கருகே பிடித்துப் படித்தாள். ரசீதைக்கூடப் படிக்காதவள்.

"வாசனைத் திரவம் போடக்கூடாதுன்னு இருக்கு." நிமிர்ந்தாள். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்பலேந்து?"

"அன்னிக்கே. டொலோரஸ் மோந்து பாத்துச் சொன்னா."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல? ஒரு காற்புள்ளிக்கு மூணு நாள் சண்டை போடுறவன் நீ. கேஸ் முழுசா உன் கையில இருக்கு, பேசாம போய் பஸ்ல உக்காந்துக்குற?"

"பேசியிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிக்கத்தானே சம்பளம் வாங்குற."

"உன்கிட்ட வாங்கல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள், ஈரக் காலணியோடு.

"நீ அந்தக் காகிதத்தை ஈரத்துக்குன்னு எழுதின," என்றாள். "நான் ஈரத்துக்குக் கையெழுத்துப் போடல. நாலு நாள் என் மூஞ்சியப் பாத்து நல்லாத்தான் இருக்கேன்னு சொன்ன பாரு, அதுக்குப் போட்டேன். மழை உன்னைக் கொன்னுடும்னு நான் எப்ப சொன்னேன்? நீ சொல்லாமலே செத்துப்போயிடுவேன்னுதான் பயம்."

நான் ஏதோ சொன்னேன். என்ன என்று நினைவில்லை.

"யாருமே பாக்காத அன்னிக்கு நீயா வந்து எழுபத்தொண்ணுன்னு சொன்ன. அப்பவே அந்தக் காகிதம் முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

ஓட்டோவின் காதைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீ பஸ்ல போனது நிம்மதியா இருந்துச்சு. பதிமூணு நாள். அதான்."

அவளும் ஒளித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டுமோ?

பிப்ரவரி 4, புதன்

ஒப்பந்தத்தைத் திருத்துவதானால் எழுத்தில் இருக்கவேண்டும் என்றேன். பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். ஏழு பிரிவுகளையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். அடியில் எழுதினாள்: 'காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும்.'

"யாரிடம் என்று குறிப்பிடவில்லையே," என்றேன்.

"லெஸ்."

கையெழுத்திட்டேன். பூல்ஸ்போக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

பிப்ரவரி 7, சனி

டொலோரஸ் அன்று துறையில் சொன்னபடி: இதற்கென்று விற்கும் சோப்பில் ஒரு முறை, வெறும் நீரில் இரண்டு முறை, பிறகு உலர்த்தும் இயந்திரத்தின் மிதமான சூட்டில் இருபது நிமிடம். குழாயடியில் மார்கிட்டே கை நிறைய நீர் அள்ளித் தெளித்தாள். முதுகில் மணிகள் உருண்டன. இடது தோளில் ஓர் உள்ளங்கை அளவுக்கு இன்னும் குடிக்கிறது.

"அது என்னோடது. இருக்கட்டும்," என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

மேடு. இருமுறை இறங்க நினைத்தேன், இறங்கவில்லை. துறையில் டொலோரஸ் திரும்பிப் பார்க்காமலே ஒரு அடி முன்னால் நகர்ந்தாள்.

"எங்க போன வக்கீலே?"

"ஒரு வழக்கு."

"ஜெயிச்சியா?"

"சமரசம்."

"அப்ப ஃபீஸ் கிடையாது," என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

காய்ச்சல் 100.4. மாலை 5.50க்குப் படகிலிருந்தே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

படுக்கை. நாளைய விசாரணைக்கு வாய்தா கேட்டேன், கிடைத்தது. கடந்த ஆண்டும் கிடைத்திருக்கும். மார்கிட் சூப்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள், நாற்காலியில் அல்ல.

பிப்ரவரி 23, திங்கள்

சாதாரணச் சளிதான் என்றார் மருத்துவர். நுரையீரல் தெளிவு. இன்னும் மூன்று நாள் பேருந்து. என் முடிவு, அவளுடையது அல்ல.

மார்ச் 1, ஞாயிறு

அலுவலகம் இல்லை. ஆனாலும் மழையில் மேடு வரை போய்த் திரும்பினேன்.

பழக்கத்தால் பனியனைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சமையலறைக்குப் போனேன். தராசின் மேல் நீலக் கிண்ணம். மார்கிட் முழங்கை வரை வெள்ளையாக இருந்தாள்.

"ஈரத்தோட பக்கத்துல வராத," என்றாள், திரும்பாமல்.

தராசு 520 கிராம் மாவு காட்டியது. பதிவு செய்கிறேன்.